தீபாவளி ஆஃபரில் லேப்டாப் வாங்கலாமா? தள்ளுபடியை அளந்து பார்க்கும் முழு வழிகாட்டி

புரட்டாசி பிறந்ததும் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, 42 பர்சன்ட் போட்டிருக்கான், இன்னைக்கு நைட்டு வரைக்கும்தானாம், வாங்கிடலாமா?" கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் சதவீதம் சிவப்பு எழுத்தில் பெரிதாகத் தெரியும். மாடல் எண் மட்டும் இருக்காது.

எதிலிருந்து 42 என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பதிலை ஆஃபர் தொடங்கிய பிறகு தேடினால் கிடைப்பதும் கடினம். அதனால் கீழே உள்ள வேலைகளில் பாதிக்கு மேல் ஆஃபருக்கு முன்பே செய்ய வேண்டியவை. வரிசையை மாற்றாதீர்கள். கார்டு ஆஃபரை முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ற லேப்டாப்பைத் தேடியவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

1. எப்போது தொடங்குவது, கையில் என்ன வேண்டும்

2025இல் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டிலும் பெரிய விற்பனை செப்டம்பர் 23 அன்று தொடங்கியது. தீபாவளியோ அக்டோபர் 20. "தீபாவளி ஆஃபர்" என்று நாம் சொல்வது உண்மையில் நவராத்திரியோடு தொடங்கிவிடுகிறது. நல்ல மாடல்களில் ஸ்டாக் முதல் சில நாட்களிலேயே தீர்ந்துவிடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஆகவே ஆகஸ்ட் முதல் வாரத்தில் வேலையைத் தொடங்குங்கள்.

தேவையானவை கொஞ்சம்தான். விலை குறித்து வைக்க ஒரு நோட்டு அல்லது எக்செல் ஷீட். வீட்டில் யாரிடம் எந்த வங்கியின் எந்த கார்டு இருக்கிறது, லிமிட் எவ்வளவு என்ற பட்டியல். ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழில் நடத்துகிறீர்கள் என்றால் அந்த எண். பகலில் ஆள் இருக்கும் ஒரு முகவரி. கடைசியாகச் சொன்னது ஏன் என்பது 9ஆம் படியில் புரியும்.

2. மெஷினுக்கு முன்னால் வேலையை எழுதுங்கள்

யார் பயன்படுத்தப் போகிறார்கள், எதற்கு, எத்தனை வருடம் ஓட வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். டாலி கணக்கு மென்பொருளும் பிரவுசரும் மட்டும் போதும் என்றால் 40,000 ரூபாய் மெஷினே தாராளம். ஆட்டோகேட், வீடியோ எடிட்டிங் என்றால் கணக்கே வேறு.

இதை எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆஃபர் இரவில் 15,000 ரூபாய் "மிச்சமாகும்" ஒரு கேமிங் லேப்டாப் கண்ணில் படும். எழுதியது இல்லையென்றால் 50,000 பட்ஜெட் 72,000 ஆகிவிடும். அப்புறம் அந்த இரண்டரை கிலோவை கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் பையன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான்.

என் குறைந்தபட்ச அளவு: 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 300 நிட்ஸ் வெளிச்சமுள்ள ஃபுல் எச்டி திரை. 8 ஜிபிதான் வாங்க முடியும் என்றால் கூடுதல் ரேம் போட இடமாவது இருக்க வேண்டும். என் அக்கா பையனுக்கு இரண்டு வருடம் முன்பு "சூப்பர் டீல்" என்று அவசரமாக வாங்கியதில் 8 ஜிபி ரேம், அதுவும் போர்டிலேயே சால்டர் செய்தது. ஆறே மாதத்தில் திணற ஆரம்பித்தது. சென்னை ரிச்சி தெருவில் கொண்டுபோய்க் கொடுத்தபோது பின்பக்கத்தைக் கழற்றிய கடைக்காரர், ஸ்லாட்டே இல்லாத போர்டை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, மறுபடி ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்று மிச்சமான 4,000 ரூபாய்க்கு அந்த மெஷினின் ஆயுளில் பாதி போய்விட்டது.

3. பெயரை விடுங்கள், மாடல் எண்ணைப் பிடியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரே பெயரில், ஒரே படத்தோடு பத்துப் பதினைந்து மெஷின்கள் விற்பனையில் இருக்கும். ஒன்றில் கீபோர்டு பேக்லைட் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் 300 நிட்ஸ் திரை, மற்றதில் 250 நிட்ஸும், என்டிஎஸ்சி என்ற நிற அளவுகோலில் 45 சதவீதமும். இந்த இரண்டாவதில் சிவப்பு, வெளிறிய செங்கல் நிறமாகத் தெரியும்.

ஆகவே முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லெனோவோவில் அது பெரும்பாலும் 82 அல்லது 83 என்று தொடங்கி 'ஐஎன்' என்று முடியும். எச்பியில் கடைசி இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். 'டிஎக்ஸ்' (TX) என்று முடிந்தால் தனி கிராபிக்ஸ் உண்டு, 'டியு' (TU) என்றால் இல்லை. அந்த எண்ணை அப்படியே கூகுளில் போட்டு, கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ள விவரத்தோடு ஒப்பிடுங்கள். விற்பனைப் பக்கத்தில் யாரோ தட்டச்சு செய்த விவரத்தை நம்பாதீர்கள். தவறு இருந்தால் வாங்கிய பிறகு வாதாட வேண்டியவர் நீங்கள்தான்.

மாடல் எண் இல்லாமல் இரண்டு கடை விலையை ஒப்பிடுவது, பொன்னியையும் பாஸ்மதியையும் "அரிசி" என்று போட்டு விலை ஒப்பிடுவது போல.

இன்னொன்று: விண்டோஸ் இருக்கிறதா, ஆபிஸ் எந்த வகை என்று பாருங்கள். விண்டோஸ் இல்லாமல் டாஸ் மட்டும் போட்டு வரும் மெஷினின் விலை குறைவாகத் தெரிவது தள்ளுபடியால் அல்ல. ஆபிஸும் வாழ்நாள் உரிமமா, ஒரு வருடச் சந்தாவா என்பதில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

4. பிராசசர் பெயரை உடைத்துப் படியுங்கள்

தள்ளுபடி பெரிதாக இருக்கும் மெஷின்களில் பழைய சிப்புக்குப் புதுப் பெயர் வைத்தவை நிறைய. ஏமாற்று என்று சொல்ல முடியாது, பெயரிலேயே விவரம் இருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520யு என்பதில் அது 2. அதாவது உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யு என்றால் ஜென் 3. 7540யு என்றால் ஜென் 4. மூன்றின் பெட்டியிலும் "ரைசன் 5, 7000 சீரிஸ்" என்றுதான் போட்டிருக்கும்.

இன்டெல்லில் கடைசி எழுத்து முக்கியம். 'யு' என்றால் மின்சாரம் மிச்சம், பேட்டரி நிற்கும். 'எச்' என்றால் வேகம், கூடவே சூடும் விசிறிச் சத்தமும். 'கோர் 5 120யு' என்பதும் 'கோர் அல்ட்ரா 5' என்பதும் காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் முதலாவது 13ஆம் தலைமுறை வழி வந்தது, இரண்டாவது வேறு வடிவமைப்பு. 'ஐ3 என்305' என்பதில் இருக்கும் எட்டு கோரும் சிறிய, சிக்கன வகை. சாதாரண ஐ3 என்று நினைத்து வாங்காதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வாட்ஸ் கேளுங்கள். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயர் 35 வாட்ஸிலிருந்து 115 வாட்ஸ் வரை வருகிறது. வாட்ஸ் குறைந்தால் வேகமும் குறையும். அந்த மெஷின் விலை குறைவாக இருப்பது இயல்பு, அதை ஆஃபர் என்று எண்ணிவிடக் கூடாது.

பழைய சிப் என்றாலே வேண்டாம் என்றும் இல்லை. ஆப்பிள் எம்1 மேக்புக் ஏர் 2020 நவம்பரில் 92,900 ரூபாய்க்கு வந்தது. பிற்காலப் பண்டிகை விற்பனைகளில் அதே மெஷின் 60,000க்குக் கீழே இறங்கியது. எழுத்து, படிப்பு, பிரவுசர் என்று இருப்பவர்களுக்கு அது உண்மையான தள்ளுபடி. பழையது என்று தெரிந்தே, பழையதற்கான விலையில் வாங்கினால் தவறே இல்லை.

5. விலைக் குறிப்பு எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

மேலே தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று மாடல்களின் விலையை வாரத்துக்கு இரண்டு முறை எழுதுங்கள். தேதி, தளம், விற்பவர் பெயர், காட்டிய விலை, அன்றைய கார்டு ஆஃபர். ஐந்து நிமிட வேலை. அமேசானில் இருக்கும் மாடலுக்கு 'கீபா' என்ற சேவை பழைய விலைகளை வரைபடமாகவே காட்டும். 'பைஹட்கே' போன்ற நம்மூர் எக்ஸ்டென்ஷன்களும் உண்டு. ஆனாலும் கையால் எழுதுவதை விடாதீர்கள். ஸ்டாக் இல்லாத நாட்கள், விற்பவர் மாறிய நாட்கள், கார்டு கழிவு எல்லாம் வரைபடத்தில் சரியாகத் தெரியாது.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம். 16 ஜிபி, 512 ஜிபி, சாதாரண மாணவர் மாடல்:

ஆகஸ்ட் 3: 56,990
ஆகஸ்ட் 13: 54,490 (சுதந்திர தின விற்பனை)
ஆகஸ்ட் 24: 56,990
செப்டம்பர் 8: 61,990
செப்டம்பர் 18: 64,990
விற்பனை நாள்: 55,990, கார்டு கழிவு 1,500 தனி

விற்பனை நாளில் அந்தப் பக்கத்தில் 89,990ஐ அடித்துவிட்டு "38% தள்ளுபடி" என்று போட்டிருந்தார்கள். கணக்கு தப்பில்லை, 89,990க்கு 55,990 என்பது 38 சதவீதம் குறைவுதான். ஆனால் 89,990க்கு அந்த மெஷினை யாரும் வாங்கவே இல்லை. அதன் சாதாரண விலை 56,990. அதோடு ஒப்பிட்டால் குறைந்தது 1,000. கார்டையும் சேர்த்தால் 2,500, அதாவது நாலே கால் சதவீதம் சொச்சம். ஆகஸ்ட் 13 அன்று கார்டு இல்லாமலே அதே விலைக்குக் கிடைத்திருக்கும்.

செப்டம்பர் 8, 18 ஆகிய இரண்டு வரிகளை மறுபடி பாருங்கள். விற்பனைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் விலை ஏறியிருக்கிறது. எல்லா மாடலிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நான் குறித்தவற்றில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். செப்டம்பர் 18 அன்று பார்க்கத் தொடங்கியவருக்கு விற்பனை நாளில் 9,000 ரூபாய் குறைந்ததாகத் தெரியும். ஆகஸ்டில் தொடங்கியவருக்கு 1,000 மட்டும் தெரியும். ஒரே மெஷின், ஒரே நாள்.

ஆகவே சாதாரண விலையைக் கணக்கிடும்போது விற்பனைக்கு முந்தைய மூன்று வாரங்களை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் அதிக நாட்கள் எந்த விலை நின்றதோ அதுதான் அடிப்படை.

6. எம்ஆர்பியை அடித்துவிடுங்கள்

எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். அந்த எம்ஆர்பி எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது கம்பெனி. அதனால் அதை உயரத்தில் வைத்துவிட்டு வருடம் முழுக்கத் தள்ளுபடி காட்டலாம். சதவீதத்தைப் பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள், ரூபாயை மட்டும் பாருங்கள்.

"ஜிஎஸ்டி குறைந்ததால் விலை குறைந்தது" என்று சொல்லி விற்பவர்களிடமும் கவனம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் வரி 28லிருந்து 18 சதவீதமானது. லேப்டாப்புக்கு ஏற்கெனவே 18தான், அது மாறவில்லை. பக்கத்து ஷோரூமில் டிவி விலை இறங்கியதைப் பார்த்து லேப்டாப்பும் இறங்கியிருக்கும் என்று நம்பி வந்தவர்களை நானே பார்த்தேன்.

7. வாங்கும் விலையை முன்பே எழுதி வையுங்கள்

விற்பனை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தொகை எழுதுங்கள். நான் பின்பற்றும் விதி: எல்லாக் கழிவும் போக என் கையிலிருந்து போகும் தொகை, ஆகஸ்டிலிருந்து குறித்து வைத்த மிகக் குறைந்த விலைக்குச் சமம் அல்லது அதற்கும் கீழே என்றால் யோசிக்காமல் வாங்குவேன். சாதாரண விலையைவிட 5 சதவீதமாவது குறைந்து, மெஷின் இப்போதே தேவை என்றால் அப்போதும் வாங்குவேன். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

முன்பே எழுதுவது ஏன் என்றால், "இன்னும் 2 மட்டுமே மிச்சம்", "47 நிமிடத்தில் முடிகிறது" என்று திரை நம்மைத் துரத்தும்போது மூளை கணக்குப் போடாது. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது போன்ற 13 உத்திகளை 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை தடை செய்தது. இருந்தாலும் கூடையை ஒருமுறை பாருங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆன்டிவைரஸ், "பாதுகாப்புக் கட்டணம்" என்று ஏதாவது டிக் ஆகியிருக்கலாம்.

8. கார்டு, எக்ஸ்சேஞ்ச், 'நோ காஸ்ட்' இஎம்ஐ: காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

"10% உடனடித் தள்ளுபடி" என்பதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு உச்சவரம்பு இருக்கும். வரம்பு 1,500 என்றால், 60,000 ரூபாய் லேப்டாப்புக்கு அது இரண்டரை சதவீதம்தான். கார்டில் முழுத் தொகை கட்டினால் ஒரு வரம்பு, இஎம்ஐயில் போட்டால் வேறு வரம்பு என்றும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். கேஷ்பேக் என்று இருந்தால் அது இன்று குறையாது, பல வாரம் கழித்துத்தான் வரும். நினைவு வைத்திருந்து சரிபார்க்க வேண்டும்.

இப்போது 'நோ காஸ்ட்' எனப்படும் வட்டியில்லா இஎம்ஐ. வங்கி வட்டியை விடுவதில்லை. வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் கழிக்கிறார், அதே தொகையை வங்கி வட்டியாக வாங்கிக்கொள்கிறது. 60,000 ரூபாயை 6 மாதத்தில் மாதம் 10,000 என்று கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 15 சதவீதம் என்றால் கடன் தொகை சுமார் 57,460, வட்டி சுமார் 2,540. இதுவரை உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 457 ரூபாய், அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். பிராசசிங் கட்டணம் 199 என்றால் வரியோடு இன்னொரு 235. ஆக, "காஸ்ட்" சுமார் 690 ரூபாய்.

690 பெரிய தொகையா என்றால், இல்லை. மொத்தமாகக் கட்டப் பணமில்லாதவருக்கு ஆறு மாதத் தவணைக்கு இது நல்ல விலைதான். ஆனால் கையில் பணம் இருப்பவர் 'நோ காஸ்ட்' என்ற வார்த்தைக்காக அதில் போட வேண்டாம். இஎம்ஐக்கு மட்டும் கூடுதல் கழிவு கொடுத்தால், கூடுதல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் பழைய லேப்டாப்புக்குக் காட்டும் விலை டெலிவரி ஆள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான். திரையில் ஒரு கோடு இருந்தால் வாங்க மாட்டார், வித்தியாசத்தை அங்கேயே கட்டச் சொல்வார்கள். அந்தத் தொகையை வேறு கையில் வைத்திருங்கள். கொடுப்பதற்கு முன் ஹார்டு டிஸ்க்கை முழுதாக அழிப்பதையும் மறக்காதீர்கள்.

சித்தப்பா கார்டில் வாங்குவது நம் வீடுகளில் சகஜம். பணத்தை அவருக்கு முதலிலேயே அனுப்பிவிடுங்கள். ரிட்டர்ன் ஆனால் பணம் அவர் கார்டுக்குத்தான் போகும் என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதில் முகம் கோணிப்போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 60,000 ரூபாய் பில்லில் வரி மட்டும் 9,152 ரூபாய். தொழிலுக்காக வாங்கினால், வழக்கமான முறையில் வரி கட்டுபவர் அதை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக எடுத்துக்கொள்ளலாம். எந்த கார்டு ஆஃபரும் இதற்குப் பக்கத்தில் வராது. ஆர்டர் போடும் முன்பே எண்ணைப் பதிவு செய்து, வரி பில் கொடுக்கும் விற்பவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பில்லை மாற்றித் தரச் சொல்லி அலைவதில் பலன் கிடைப்பது அரிது.

ஆன்லைன் கணக்கு முடிந்ததும், அதே மாடல் எண்ணோடு ஒரு கடைக்குப் போய் விலை கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் கம்பெனி ஷோரூம். விலை ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் திரையைக் கண்ணால் பார்க்கலாம், கீபோர்டில் விரலை வைத்துப் பார்க்கலாம், பை, மவுஸ் என்று ஏதாவது பேசி வாங்கலாம். "பில் இல்லாமல்னா குறைச்சுத் தரேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பில் இல்லாமல் வாரண்டி கேட்டு நிற்க முடியாது.

9. விற்பனை நாளும் டெலிவரியும்

முந்தைய நாளே முகவரி, கார்டு விவரம் எல்லாம் சேர்த்துவிடுங்கள். ஓடிபி வரும் ஃபோன் பக்கத்தில் இருக்கட்டும். மாடல் எண்ணை மறுபடி ஒப்பிடுங்கள். விற்பனை நாளில் அதே பக்கத்தில் 8 ஜிபி வகை முன்னிறுத்தப்பட்டு, 16 ஜிபிக்கு மாற்றினால் விலை தாவுவது வழக்கமான காட்சி. விற்பவர் பெயரையும் பாருங்கள். நீங்கள் குறித்து வைத்த விற்பவர் இல்லாமல் புதுப் பெயர் இருந்தால் அவர் மதிப்பீட்டைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

டெலிவரியின்போது பெட்டியைப் பிரித்துக் காட்டித் தரும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பிரித்துப் பார்க்கும் முன் ஓடிபி சொல்லாதீர்கள். பகலில் ஆள் இருக்கும் முகவரி கேட்டது இதற்காகத்தான். அபார்ட்மெண்ட் செக்யூரிட்டியிடம் ஓடிபி கொடுத்து வாங்கி வைக்கச் சொன்ன ஒருவர், மாலையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வேறு மாடல் இருந்தது. நிரூபிக்க எதுவும் இல்லாமல் ஒரு மாதம் அலைந்தார்.

அந்த வசதி இல்லையென்றால் வீடியோ எடுங்கள். முகவரி லேபிளில் தொடங்கி, டேப்பை வெட்டுவது, பெட்டியில் உள்ள சீரியல் எண், மெஷினின் அடியில் உள்ள சீரியல் எண் வரை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோ. நிறுத்தி எடுத்த வீடியோவை ஏற்காமல் போக வாய்ப்பு உண்டு.

10. முதல் இரண்டு நாளில் முடிக்க வேண்டியவை

மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் 7 அல்லது 10 நாள்தான். பிள்ளை ஹாஸ்டலிலிருந்து வந்ததும் பார்ப்போம் என்று பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, தீபாவளி அன்று திறந்தால் அந்தக் காலம் கடந்திருக்கும்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறங்கள். ரேம் அளவும் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் அங்கே தெரியும். செட்டிங்ஸில் பிராசசர் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முழுத் திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று படம் வைத்து ஒளிராமல் இறந்த புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள். எல்லா யுஎஸ்பி துளையிலும் பென் டிரைவ் சொருகுங்கள், வெப்கேம், ஸ்பீக்கர், வைஃபை எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். கம்பெனி ஆப்பில் பேட்டரி சைக்கிள் எண்ணிக்கை (எத்தனை முழு சார்ஜ் ஓடியது) காட்டினால் அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். ஐம்பது அறுபது என்றால் அது யாரோ பயன்படுத்தித் திருப்பியது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆபிஸை ஆக்டிவேட் செய்யுங்கள். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். மெஷினைத் திருப்ப வேண்டி வந்தால் சிக்கல்.

கடைசியாக, கம்பெனி தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி தேதியைப் பாருங்கள். கிடங்கிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து கணக்கு ஓடியிருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். விற்பவர் கையை விரித்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

11. காத்திருக்கவே வேண்டாத சமயங்கள்

ஜூலையில் கல்லூரி சேரும் பிள்ளைக்கு அக்டோபர் வரை காத்திருப்பது வீண். மேலே பார்த்த 2,500 ரூபாய்க்காக ஒரு பாதி செமஸ்டரை மெஷின் இல்லாமல் ஓட்ட வேண்டாம். கல்லூரி திறக்கும் அந்த மாதங்களில் கல்விச் சலுகைகளும் பெரும்பாலும் கிடைக்கும்.

விலை எப்போதும் இறங்கும் என்ற நம்பிக்கையும் இப்போது எடுபடவில்லை. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறையில் ரேம் விற்ற தன் 'குரூஷியல்' வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. "8 ஜிபி இப்போது, ரேம் பிறகு" என்ற பழைய யோசனையை அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொல்வதில்லை.

மாறாக, அவசரமில்லாதவர்களுக்கு இன்னொரு காலம் உண்டு. ஜனவரியில் லாஸ் வேகாஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் புதிய சிப்கள் அறிவிக்கப்பட்ட பிறகு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பழைய தலைமுறை மெஷின்களைக் கடைகள் தள்ளிவிடப் பார்க்கும். நல்ல கிராபிக்ஸ் கார்டுள்ள மெஷின்களில் பெரிய இறக்கத்தை நான் பார்த்தது பெரும்பாலும் அப்போதுதான். பட்டாசுச் சத்தம் இல்லாத அந்த மாதங்களில் கடைக்காரருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.